இரண்டு விரல் துணி

அளவு ஜாக்கெட் கைக்கு வந்ததும் அமராவதி முதலில் அதை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி புரட்டிப் போடுவாள். கழுத்து இறக்கத்தைப் பார்க்கமாட்டாள், கை நீளத்தைப் பார்க்கமாட்டாள். அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் ஓடுகிற பக்கத் தையலை விரலால் தடவிக்கொண்டே போவாள். உள்ளே துணி விட்டுத் தைத்திருந்தால் ஒன்றும் சொல்லமாட்டாள். ஒட்ட வெட்டியிருந்தால் வந்தவள் பாடு அவ்வளவுதான்.

"யாரு தைச்சது இத? உள்ள ஒரு நூலுகூட விடல, கஞ்சப்பய. நாளைக்கு ஒரு சுத்து பெருத்தியானா இன்னா பண்ணுவ? தூக்கிப் போட்ருவியா?"

"நான் எதுக்குக்கா பெருக்கப் போறேன்?"

"எல்லாரும் இதத்தாம்மே சொல்றீங்க. அப்புறம் பொங்கலுக்குத் தைச்சத ஆடிக்குத் தூக்கினு வந்து, பிரிச்சுக் குடுக்கா, பிரிச்சுக் குடுக்கான்னு நிக்கிறீங்க. துணி இருந்தாத்தான பிரிக்க முடியும்?"

அவள் தைக்கிற ஜாக்கெட்டில் பக்கத்துக்கு இரண்டு விரல் அகலம் துணி உள்ளே மடிந்து கிடக்கும். குண்டு, ஒல்லி, வயசுப் பெண், பல் போன பாட்டி என்று பேதம் கிடையாது. எண்பது வயசுக்காரி ஒருத்தி, "எனக்கு எதுக்குடி இவ்ளோ துணி, இனிமேலா ஊதப் போறேன்" என்று கேட்டதற்கு, "அது ஒனக்கும் எனக்கும் தெரியாது ஆயா, அம்மனுக்குத்தான் தெரியும்" என்று சொல்லி, விட்டதை விட்டபடியே கொடுத்தனுப்பினாள்.

சிதம்பரத்தில் தில்லைக்காளி கோயிலுக்குப் போகிற சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், பால் கடைக்கு அடுத்த வீட்டின் முன்னறைதான் கடை. பெயர்ப்பலகை இல்லை. சன்னல் கம்பியில் தொங்குகிற ஜாக்கெட்டுகளைப் பார்த்து வருகிறவர்கள் வந்துகொள்ள வேண்டியதுதான். காலையில் குளித்து, அம்மன் குங்குமம் வைத்துக்கொண்டுதான் மிஷினில் உட்காருவாள். சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். மோட்டார் மாட்டிக்கொள் என்று யார் யாரோ சொல்லிப் பார்த்துவிட்டார்கள். "காலு ரெண்டும் சும்மா தொங்கினு இருந்தா புத்தி எங்கியாச்சும் போயிடும்" என்பாள். மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கத்துக் காது உடைந்து போய், அந்த இடத்தில் பாவாடை நாடா கட்டியிருக்கிறது. வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். ஒரு ஊசியும் கீழே விழாது.

டேப் வைத்து உடம்பில் அளவெடுக்க அவளுக்குப் பிடிக்காது. "டேப்பக் கண்டாலே மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கிறாளுங்க. அளவு ஜாக்கெட்ட எடுத்துனு வா, அதுக்கு மூச்சும் கெடயாது, பொய்யும் கெடயாது." இந்தப் பேச்சைக் கேட்டு அவள் புருஷன் சுப்புராயன் உள்ளேயிருந்து சிரிப்பார். அவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். "எங்க வேலையில ஒரு நூல் சந்து உட்டா இஞ்சினியர் பல்ல ஒடைச்சிருவாரு. இவ ரெண்டு வெரல் உட்டுட்டு பெருமை வேற பேசறா" என்பார். "தரை நாளைக்குப் பெருக்குமா மாமா? பொம்பள ஒடம்பு பெருக்கும்" என்று பதில் வரும்.

இப்போது அவளைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் அவள் தலையையே பார்க்கிறார்கள். ஐம்பது தாண்டிய பொம்பளைக்குத் தலையில் அரை விரல் நீளத்துக்கு முடி, நாற்றங்கால் மாதிரி நட்டுக்கொண்டு நிற்கிறது. பார்க்கிறவர்களுக்குப் பகீர் என்கிறது. என்ன வியாதி என்று கேட்கவும் கூச்சம். அவளே சொல்வாள்: "வியாதியில போவல. நானே குடுத்தது." சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு வருவதற்கு அவளுக்கு எவ்வளவு நாள் பிடித்தது என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

பிரிசில்லா டீச்சர் அவளுடைய பழைய வாடிக்கை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறார். அவருடைய சர்ச் கூடத்தில் பெண்களுக்கு மார்புப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கிற முகாம் ஒன்று போட்டார்கள். மறைப்புக்குத் திரைச்சீலை வேண்டும் என்று டீச்சர் வந்து நின்றார். அமராவதி நல்ல கெட்டித் துணியாக வாங்கித் தைத்து, முகாம் அன்று காலையில் தானே போய்க் கம்பியில் மாட்டினாள். மாட்டிவிட்டு, வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று உள்ளே நின்று பார்த்தாள்.

"உள்ளதான் வந்துட்டிங்களே அமராக்கா, நீங்களும் உக்காந்து பாத்துட்டுப் போங்க" என்றார் டீச்சர்.

"எனக்கு இன்னாத்துக்கு டீச்சர்? நான் திரை மாட்ட வந்தவ."

"உங்க திரை நல்லா மறைக்குதான்னு பாக்கறதுக்காச்சும் உக்காருங்க."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். அங்கே ஒரு சின்னப் பெண் மட்டும்தான் இருந்தாள். அவள் தொடவில்லை, அழுத்தவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொன்னாள். எதிரில் ஒரு கேமரா. உடம்புச் சூட்டைப் படம் எடுக்கிற கேமராவாம். எடுத்த படத்தை கம்ப்யூட்டர் பார்த்து, எங்கே சூடு மாறியிருக்கிறது என்று சொல்லுமாம். திரையில் தன் நெஞ்சு நீலமும் பச்சையுமாகத் தெரிவதை அமராவதி வேடிக்கை பார்த்தாள். இடது பக்கத்தில் மட்டும், ஐயனார் கோயில் சிலைக்குப் பூசுவார்களே, அந்த மாதிரி ஒரு சிவப்பு.

அந்தப் பெண் படத்தை இன்னொரு தரம் எடுத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "பயப்படாதீங்கம்மா. கடலூருக்குப் போயி ஒருவாட்டி நல்லாக் காட்டிடுங்க" என்றாள்.

வலி இல்லை. கட்டி என்று கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. தொட்டுக்கூடப் பார்க்காத ஒரு கேமரா எப்படிச் சொல்லும்? வீட்டுக்கு வந்து தானே தடவித் தடவிப் பார்த்தாள். துணியில் ஒரு நூல் இழுத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிற விரல் அது. சொந்த உடம்பில் ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் அவளை ரொம்பப் பயமுறுத்தியது.

கடலூரில் டாக்டர் இளமதி என்கிற பெண் டாக்டர் பார்த்தார். ஊசி வைத்து எடுத்துச் சோதித்தார்கள். கேன்சர்தான். சின்னது, ஆரம்பம் என்றார்கள். அறுவை செய்து இடது மார்பை எடுத்தார்கள். இந்த நாலைந்து வாக்கியத்தையும் இங்கே சுலபமாக எழுதியாகிவிட்டது. சுப்புராயனுக்கு அந்த நாட்களில் ஒரு டைல்ஸ்கூட நேராக உட்காரவில்லை.

அறுத்தெடுத்த கட்டியை மேற்கொண்டு சோதனைக்கு அனுப்பியிருப்பதாகவும், முடிவு வந்த பிறகுதான் அடுத்து என்ன என்று சொல்லமுடியும் என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆனால் அடுத்தது என்ன என்று சிதம்பரத்தில் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. பால் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. கொக்கி, நூல் விற்கிற கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. கீமோ ஏற்றுவார்கள். வாந்தி வரும். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டும்.

மற்றதெல்லாம் அமராவதிக்குப் பெரிதாகத் தெரியவில்லை. முடிதான் அவளை உறுத்தியது. அவள் முடி முட்டி வரைக்கும் தொங்கும். தைக்கும்போது சக்கரத்தில் சிக்கிவிடும் என்று கொண்டையாகச் சுருட்டி, அதிலேயே நாலைந்து ஊசி குத்தி வைத்திருப்பாள். அது தலையணையில் கொட்டி, குளியலறைத் தண்ணீரில் ஓடி, துடைப்பத்தில் சிக்கிக் குப்பைக்குப் போவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"மருந்து புடுங்கிக் குப்பையில போடறதுக்கு முன்னாடி, நானே சாமிக்குக் குடுத்துடறேன் மாமா" என்றாள்.

முடிவு சொல்ல வரச்சொன்ன அன்றைக்கு விடியற்காலை பஸ்ஸிலேயே இரண்டு பேரும் கடலூருக்குக் கிளம்பிப் போனார்கள். அங்கிருந்து முதலில் திருவந்திபுரம். தேவநாதப் பெருமாள் கோயிலில் அன்றைக்கு முகூர்த்தக் கூட்டம். மாலையும் கழுத்துமாகப் பெண் மாப்பிள்ளைகள் ஒரு பக்கம், மொட்டை போடுகிறவர்கள் ஒரு பக்கம். பச்சைக் குழந்தைகளுக்கு நடுவில் அமராவதி குனிந்து உட்கார்ந்தாள். மழிக்கிறவர், "பொம்பளையாளுக்குப் பூமுடி எடுத்தா போதும்மா, மூணு கொத்து வெட்டிடறேன்" என்றார். "இல்லைங்க, முழுசா எடுத்துடுங்க. இன்னொருத்தன் எடுக்கறதுக்கு மிச்சம் வெக்காதீங்க" என்றாள் இவள். சுப்புராயன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு ஏதோ ஒரு கல்யாணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் சந்தனம் குளிர்ந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. பாரம் இறங்கின மாதிரிதான் இருந்ததாம்.

அந்தச் சந்தனத்தோடுதான் டாக்டரம்மா அறைக்குள் போனாள். பெண்களைச் சோதிக்கிற அறை என்பதால் சுப்புராயனை வெளியிலேயே நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

டாக்டர் இளமதி நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த பேனா மேசையில் உருண்டது.

"என்னம்மா இது! யாரு உங்களுக்குக் கீமோ குடுத்தா? எங்க போயிப் போட்டுக்கிட்டீங்க?"

"இல்ல டாக்டரம்மா. கொட்டறதுக்கு முன்னாடி நானே சாமிக்குக் குடுத்துட்டு வந்தேன்."

டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டார். வெளியே நோயாளிகள் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. அவர் அவசரமாக, ஆனால் சந்தோஷமாகத்தான் சொன்னார்: "உங்களுக்குக் கீமோ வேண்டாம்மா. கம்ப்யூட்டரும் உங்க கட்டியப் பாத்து அதத்தான் சொல்லுது, நாங்களும் உக்காந்து பேசிட்டோம். கீமோவால உங்களுக்குப் பெரிசா ஒண்ணும் ஆகப்போறதில்ல. மாத்திரை மட்டும் போதும். வீட்டுக்குப் போலாம்."

அதற்குப் பிறகும் அவர் ஏதோ சொன்னார். அமராவதியின் காதுக்குள் ஒன்றும் போகவில்லை. நெஞ்சுக்குள் யாரோ கை விட்டு விளக்கை அணைத்துவிட்ட மாதிரி இருந்தது. மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"இன்னாம்மே சொன்னாங்க?"

"மருந்து வேணாமாம். வீட்டுக்குப் போவச் சொல்லிட்டாங்க."

சுப்புராயன் பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வீட்டில் இந்தச் சொற்களை இதற்கு முன்னாலும் கேட்டிருக்கிறார்கள். சுப்புராயனின் அண்ணன் கம்மாபுரத்தில் இருந்தார். வயிற்றில் புற்று. வேறொரு ஊரில் வைத்தியம் பார்த்தார்கள். ஒரு நாள், "இனிமே மருந்து வேண்டாம், பிரயோஜனம் இல்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லி, வலி தெரியாமலிருக்க ஒரு மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அண்ணனைப் படுத்த படுக்கையாகக் காரில் ஏற்றிக் கொண்டுவந்தவர் சுப்புராயன். அந்த மாதம் முடிவதற்குள் அவர் கதை முடிந்துவிட்டது.

கடலூரிலிருந்து சிதம்பரம் வருகிற வரைக்கும் பஸ்ஸில் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஆலப்பாக்கத்தில் ஏறின ஒரு அம்மாள் மொட்டையைப் பார்த்துவிட்டு, "வேண்டுதலாம்மா? நல்லபடியா நெறவேறிச்சா?" என்று கேட்டாள். அமராவதி தலையை ஆட்டினாள். மொட்டைத் தலையில் காற்று புதிதாகப் பட்டது. பெருமாளுக்குக் கொடுத்ததை அவர் வாங்கிக்கொண்டு, ஆளையும் சேர்த்து வாங்கிக்கொள்ளப் பார்க்கிறாரா என்று நினைத்தாள். நினைத்த மறுகணமே, தப்பு தப்பு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் குளித்தாள், குங்குமம் வைத்தாள், சக்கரத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். மாத்திரை அட்டையை அம்மன் படத்துக்குக் கீழே வைத்தாள். பிரிக்கவில்லை. அண்ணனுக்குக் கொடுத்த கடைசி மாத்திரையின் ஞாபகம் அது. வலி வரும்போது போட்டுக்கொள்ளலாம், இப்போதுதான் வலி இல்லையே என்று இருந்துவிட்டாள்.

அதன் பிறகு செய்ததுதான் எல்லோரையும் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த துணிகளை மளமளவென்று தைத்து முடித்தாள். பெட்டியில் வருஷக்கணக்காகக் கிடந்த அளவு ஜாக்கெட்டுகளைத் துவைத்து, மடித்து, அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தாள். தையல்காரியிடம் அளவு ஜாக்கெட் கிடக்கும் வரைக்கும்தான் அந்த உறவு. அதைத் திருப்பிக் கொடுத்தால் கடையை மூடுகிறாள் என்று அர்த்தம். வாங்கிக்கொண்டவர்கள் வாசலிலேயே திகைத்து நின்றார்கள்.

தனக்கும் ஒன்று தைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்குக் கட்டின அரக்குப் புடவைக்குப் பொருத்தமாக ஒரு ஜாக்கெட். இடது பக்கம் மார்புக்கு மடிப்பு வைக்கிற டாட் பிடிக்காமல் தட்டையாக வெட்டினாள். வலது பக்கம் எப்போதும்போல. வாழ்க்கையில் முதல் தடவையாக உள்ளே ஒரு நூல்கூட விடாமல், தையலை ஒட்டி வெட்டினாள். சுப்புராயன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உள்ள துணி உடலியா?"

"எதுக்கு மாமா? ஒருவாட்டி போடறதுக்கு?"

அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றார். தண்ணீர்ச் சத்தத்தில் வேறு சத்தம் கேட்கக்கூடாது என்றுதான்.

சேதி கம்மாபுரத்துக்குப் போய்விட்டது. அண்ணன் பெண்சாதி மலர்க்கொடி, ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸுமாக வந்து இறங்கினாள். வாசலில் மொட்டைத் தலையைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு அமராவதியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அந்த மனுசனுக்கு வந்தது ஒனக்குமா வரணும்? எம் பாவம் இந்த வூட்ட சுத்துதாடி?"

"அழாதக்கா. ஒக்காரு. டீ போடறேன்."

"நீ எதுக்குடி போடற? நான் போடறேன். நீ படு."

"படுக்கத்தான் போறேன், இப்பவே இன்னா அவசரம்" என்றாள் அமராவதி. சொன்னது வேடிக்கைக்குத்தான். மலர்க்கொடிக்கு இன்னும் சத்தமாக அழுகை வந்துவிட்டது.

அந்த அழுகையின் நடுவில்தான் பிரிசில்லா டீச்சர் வந்தார். கையில் அவருடைய அளவு ஜாக்கெட். அதை மிஷின் மேலே போட்டார். டீச்சருக்குக் கோபம் வந்தால் முகம் வகுப்பறை முகமாகிவிடும்.

"இத எதுக்கு என் வீட்டுல குடுத்துட்டு வந்தீங்க? பதினஞ்சு வருசமா உங்ககிட்ட கெடக்குது. கிறிஸ்மஸ்சுக்கு யாரு எனக்குத் தைக்கறது?"

"கிறிஸ்மஸ் வரைக்கும் நான் இருக்கணுமே டீச்சர்."

டீச்சர் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "யாரு சொன்னது?"

"டாக்டரம்மாதான். கம்ப்யூட்டரே சொல்லிடுச்சாம், மருந்து குடுத்துப் பிரயோஜனம் இல்லன்னு. வீட்டுக்குப் போவச் சொல்லிட்டாங்க. சிரிச்சினே சொன்னாங்க டீச்சர். அதத்தான் என்னால தாங்க முடியல."

டீச்சரின் பார்வை அம்மன் படத்துக்குக் கீழே போனது. "இந்த மாத்திரை?"

"அதான் கடேசி மாத்திரை. வலி வந்தா போடறது."

"ஒண்ணுகூடப் போடலையா?"

"வலி இல்லியே."

டீச்சர் அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் எழுதியிருந்தது அவருக்கும் விளங்கவில்லை. போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போட்டார். டாக்டரம்மா ஆபரேஷனில் இருக்கிறார், பிறகு பேசுவார் என்றார்கள். அந்த நேரத்தில் மலர்க்கொடி போட்ட டீ மூன்று தம்ளரிலும் ஆறிப்போனது.

போன் அடித்தது. டீச்சர் விஷயத்தைச் சொன்னார். எல்லோரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டு மிஷின் பலகையில் வைத்தார் டீச்சர்.

"அமராவதிம்மா, என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?" டாக்டரம்மாவின் குரல் உடைந்திருந்தது. "கூட்டத்துல நான்தான் சரியாச் சொல்லாம விட்டுட்டேன். உங்களக் கைவிடல. உங்களுக்கு அது தேவைப்படல, அதான் வேணாம்னு சொன்னேன்."

அமராவதி போனைப் பார்த்தபடியே இருந்தாள்.

"கேளுங்க. உங்க கட்டிய மெல்லிசாச் சீவி, கண்ணாடியில ஒட்டி, படம் புடிச்சு கம்ப்யூட்டருக்குக் குடுத்தோம். உங்கள மாதிரி ஆயிரக்கணக்கான பொம்பளைங்களோட படத்தயும், அவுங்களுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னும் அதுக்குக் கத்துக் குடுத்திருக்காங்க. அத வச்சு, இந்தக் கட்டி திரும்பி வர்ற வாய்ப்பு கம்மின்னு அது கணக்குச் சொல்லுது. கீமோ குடுத்தா உங்களுக்கு நன்மை ரொம்பக் கம்மி, தொந்தரவுதான் ஜாஸ்தி. அது சொல்லிச்சுன்னு மட்டும் விடல. நாங்க மூணு டாக்டர் உக்காந்து பாத்துத்தான் முடிவு பண்ணோம்."

"அப்ப..." அமராவதி போனுக்குக் கிட்டே குனிந்தாள். "என் கட்டிய பாத்து எனக்குன்னு சொன்னதா? எல்லாருக்கும் சொல்றது இல்லியா?"

"உங்களுக்குன்னு சொன்னது. இன்னொருத்தருக்கு இதே நோய் இருந்தாலும் கீமோ வேணும்னு சொல்லியிருக்கும்."

"அளவு ஜாக்கெட்டப் பாத்துத் தைக்கிற மாதிரி" என்று அவள் தனக்குள் முனகினாள். அது போனுக்குக் கேட்டதோ இல்லையோ.

"அப்ப எனக்கு இனிமே ஒண்ணும் ஆவாதா டாக்டரம்மா?"

"அப்படி யாராலயும் சத்தியம் பண்ண முடியாதும்மா. கம்ப்யூட்டராலயும் முடியாது. ஆனா அந்த மாத்திரை ரொம்ப முக்கியம். அது வலி மாத்திரை இல்ல. நோய் திரும்பி வராம காக்கிற மாத்திரை. தினம் ஒண்ணு, அஞ்சு வருசம் விடாம போடணும். அன்னிக்கே சொன்னேனே. இன்னிக்கே ஆரம்பிச்சிடுங்க. திங்கக்கிழமை வந்து என்னப் பாருங்க. கூட யாரையாச்சும் உள்ளயே கூட்டிட்டு வாங்க."

போன் நின்றது. சந்தில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார். சுப்புராயன் எப்போது வாசலில் வந்து நின்றார் என்று தெரியவில்லை. கையில் பூச்சுக் கரணையோடு, சிமெண்ட் காயாத காலோடு நின்றிருந்தார்.

மலர்க்கொடிதான் முதலில் வாயைத் திறந்தாள். அழுகை நின்றுபோயிருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"அஞ்சு வருசமாடி?" என்றாள். "அந்த மனுசனுக்கு எழுதிக் குடுத்தாங்களே, அத நாந்தான் கடையில போயி வாங்கினேன். பத்து நாளைக்குத்தான் எழுதி இருந்தாங்க. கடக்காரரு பாத்துட்டு, இதுவே போதும்மான்னாரு. எனக்கு அப்ப வெளங்கல." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "சாவப் போறவளுக்கு எவளாச்சும் அஞ்சு வருசத்துக்கு எழுதுவாளாடி, கூமுட்ட!"

சொல்லிவிட்டு அவளே எழுந்து போய், அம்மன் படத்துக்குக் கீழே இருந்த அட்டையை எடுத்து ஒரு மாத்திரையை அழுத்தி வெளியே எடுத்தாள். ஆறின டீயோடு அமராவதியின் வாயில் போட்டாள். "முழுங்கு. முழுங்குடி. வாயத் தொறந்து காட்டு."

அமராவதி விழுங்கினாள். வாயைத் திறந்தும் காட்டினாள். அப்புறம்தான் அவளுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. கேன்சர் என்று சொன்ன அன்றைக்குக்கூட அப்படி நடுங்கவில்லை. மிஷின் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தாயே, தாயே" என்றாள். பிரிசில்லா டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு உதடசைத்தார். இரண்டு பேரும் இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

நடுக்கம் நின்றதும் கை தானாகத் தலைக்குப் போனது. மொட்டை.

"அப்ப இது?" என்றாள், மூன்று பேரையும் பார்த்து. "இத எதுக்குக் குடுத்தேன்?"

சுப்புராயனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "போயிக் கேட்டுப் பாரு, பெருமாளு திருப்பிக் குடுக்கறாரான்னு."

"குடுத்தத எப்படி மாமா கேக்கறது?"

"அதான் ரசீது போடாமயே வேற ஒண்ணு குடுத்துட்டாரே, வாய மூடிக்கினு இரு" என்றாள் மலர்க்கொடி.

டீச்சர் தன் அளவு ஜாக்கெட்டைப் பெட்டிக்குள் தானே போட்டு மூடிவிட்டுத்தான் கிளம்பினார். மற்ற வீடுகளிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துசேர ஒரு வாரம் ஆயிற்று. ஒருத்தி மட்டும் இந்த இடைவெளியில் வேறு தையல்காரரிடம் கொடுத்துவிட்டாளாம். "அவன் உள்ள துணி உடமாட்டான், அழுதுனு வருவா பாரு" என்று அமராவதி அதை ஆற்றிக்கொண்டாள்.

டாக்டரம்மா போனில் பேசின அன்றைக்குச் சாயங்காலமே, எல்லோரும் போன பிறகு, பீரோவில் மடித்து வைத்திருந்த அந்த அரக்கு ஜாக்கெட்டை எடுத்தாள். பழக்க தோஷம், உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி புரட்டினாள். பக்கத் தையலை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஒட்ட வெட்டியது. பிரித்துப் போட ஒரு நூல்கூட இல்லை. யாரோ கஞ்சப்பயல் தைத்த மாதிரி இருந்தது.

வெட்டுத் துணி மூட்டையை இழுத்துப் போட்டுக் கிளறினாள். அதே அரக்குத் துணியில் நீளமாக ஒரு மிச்சம் கிடைத்தது. கண்ணாடியின் நாடாவைக் காதில் இறுக்கிக்கொண்டு, பிளேடால் பக்கத் தையலைக் கீழிருந்து மேல் வரை பிரித்தாள். மிச்சத் துணியைப் பலகையில் பரப்பி, அதன் மேல் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து வைத்தாள். சாக்பீஸால் ஓரத்தில் கோடு போட்டாள். வெட்டப் போனவள் கத்தரிக்கோலை நிறுத்தி, கோட்டை ஒரு தரம் பார்த்தாள். அதை அழித்துவிட்டு, மூன்றாவது விரலையும் சேர்த்து வைத்துப் புதுக் கோடு போட்டாள்.